93 மார்க் வாங்கின சுருட்டு

இந்த வாரக் கதை ஒரு மொட்டை மாடியில ஆரம்பிச்சு உறையூர்ல ஒரு திண்ணையில முடியுது. நடுவுல கரீபியன் கடல் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வரப் போறோம்.

போன மாசம் நியூஜெர்சியில இருந்து காலேஜ் நண்பன் ஒருத்தன் வந்தான். பையில இருந்து கண்ணாடித்தாள் சுத்தின ரெண்டு சிகார் எடுத்து வெச்சான். டொமினிக்கன் ரிபப்ளிக்ல செஞ்சது. "மச்சான், இது 93 வாங்கின சிகார்"னு சொன்னான். எனக்கு முதல்ல புரியல. "93ன்னா? டாலரா?" "இல்லடா, மார்க். நூத்துக்கு."

நம்ம வீட்டுல நூத்துக்கு 93 வாங்கிட்டு வந்தா மீதி 7 எங்கன்னு கேட்டிருப்பாங்க. ஒரு சுருட்டுக்கு யாரு பரீட்சை வெச்சாங்க, யாரு திருத்தினாங்க, அந்த 7 எங்க போச்சு? இதைத் தேட ஆரம்பிச்சதுதான் இந்த எபிசோட்.

ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்லிடறேன். நான் புகை பிடிக்கிற ஆள் இல்ல. அதுக்கு எங்க குடும்பத்துலயே ஒரு காரணம் இருக்கு, அது கடைசியில வரும். நீங்களும் பிடிக்கணும்னு சொல்ல வரல.

முதல்ல அந்த மாடி. நண்பன் ஒரு சிகாரை எடுத்தான். அஞ்சு அங்குல நீளம், ரிங் கேஜ் 50. ரிங் கேஜ்னா குறுக்களவு. ஒரு அங்குலத்தை 64 பங்கா பிரிச்சு அதுல எத்தனை பங்குன்னு சொல்றது. 50ன்னா முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. உடனே பத்த வைப்பான்னு பார்த்தா, இல்ல. வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்க்கறான். மேல் இலையில நரம்பு தடிப்பா இருக்கா, புள்ளி இருக்கா, எண்ணெய்ப்பசை தெரியுதா. அப்புறம் ரெண்டு விரலால நுனியில இருந்து நுனி வரைக்கும் மெதுவா அமுக்கறான். ஒரு இடம் மெத்துனு இருந்தா உள்ள இலை குறைவு, கல்லு மாதிரி இருந்தா அடைப்பு. அப்புறம் மூடின முனையைக் கொஞ்சமா வெட்டி, பத்த வைக்காமலே ஒரு இழுப்பு. காத்து எவ்வளவு சுலபமா வருதுன்னு பார்க்கறதுக்கு. அதுக்கப்புறம்தான் நெருப்பு. அதுவும் தீயில நேரா வைக்காம, சுத்திச் சுத்தி வாட்டி, அப்பளம் சுடற மாதிரி.

சிகார் புகையை நெஞ்சுக்குள்ள இழுக்கறதில்ல. வாயில வெச்சு விடறது, கொஞ்சத்தை மூக்கு வழியா விடறது. ருசியில பாதிக்கு மேல மூக்குதான்னு ஜலதோஷம் வந்த எல்லாருக்கும் தெரியும். சிகாரை மூணு பங்கா பிரிச்சு, ஒவ்வொரு பங்குலயும் ருசி எப்படி மாறுதுன்னு குறிச்சுக்கறாங்க. சாம்பல் வெள்ளையா கெட்டியா நிக்குதா, நெருப்பு ஒரு பக்கமா ஓடுதா, பாதியில அணையுதா, எல்லாத்தையும் பார்க்கறாங்க.

நண்பன் சொல்லிட்டே வந்தான்: முதல் பங்கு மிளகு, அப்புறம் சிடார் மரம், அப்புறம் தோல், கோகோ. எனக்கு சிடார் மரம் என்ன வாசனைன்னே தெரியாது. ரெண்டு இழுப்பு நானும் இழுத்துப் பார்த்தேன், மறைக்க விரும்பல. எனக்குத் தெரிஞ்சது பாட்டி வீட்டு மர பீரோவைத் திறந்தா வர்ற வாசனை. அப்புறம் வெறும் வாணலில வறுத்த மல்லி, கொஞ்சம் கருகினது. தொண்டையில திப்பிலி மாதிரி ஒரு காரம். அஞ்சு நிமிஷத்துல விக்கல். பத்து நிமிஷத்துல தலை சுத்தி சுவத்தைப் பிடிச்சு உக்காந்துட்டேன்.

உள்ள இழுக்கவே இல்லையே, அப்புறம் எப்படின்னா, காரணம் இருக்கு. சிகரெட் புகை பெரும்பாலும் அமிலத்தன்மை உள்ளது, நிகோடின் உடம்புல ஏறணும்னா நுரையீரல் வரைக்கும் போகணும். சிகார் புகை காரத்தன்மை உள்ளது. வாய்த்தோல் வழியாவே நிகோடின் உள்ள போயிடும். ஒரு பெரிய சிகார்ல ஒரு பாக்கெட் சிகரெட்டு அளவுக்குப் புகையிலை இருக்கலாம். "உள்ள இழுக்கலயே, ஒண்ணும் ஆகாது"ங்கறது சிகார் உலகத்தோட பழைய சமாதானம். வாய், தொண்டை, உணவுக்குழாய், குரல்வளைப் புற்றுநோய்க்கு இழுக்கணும்னு அவசியமே இல்ல.

சரி, மார்க் யார் போட்டது? சிகார் அஃபிசியனாடோன்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகை. 1992ல மார்வின் ஷாங்கென் ஆரம்பிச்சது. அவர்கிட்ட ஏற்கெனவே வைன் ஸ்பெக்டேட்டர்னு ஒயினுக்கு மார்க் போடற பத்திரிகை இருந்துச்சு. ஒயினுக்கு நூறு மார்க் முறையைப் பிரபலமாக்கினது ராபர்ட் பார்க்கர்ங்கற விமர்சகர். அவர் எடுத்துக்கிட்டது அமெரிக்கப் பள்ளிக்கூட மார்க் முறையை. ஆக, பள்ளிக்கூடத்துல இருந்து ஒயினுக்குப் போய், ஒயின்ல இருந்து சுருட்டுக்கு வந்திருக்கு. பத்திரிகையில டேஸ்டிங் பண்றவங்களுக்கு எந்த பிராண்டுன்னு தெரியக் கூடாதுன்னு லேபிளைக் கழட்டிட்டு நம்பர் போட்ட பட்டையைச் சுத்திக் கொடுக்கறாங்க. தோற்றமும் கட்டுமானமும், ருசி, எரியற விதம், மொத்த அபிப்பிராயம்னு நாலு தலைப்புல மதிப்பெண். 90க்கு மேல போனா அருமை, 95க்கு மேல போனா கிளாசிக்.

ஒரு விஷயத்தைப் பாருங்க. டேஸ்டருக்கு நாடு தெரியக் கூடாது, ஆனா வாங்கறவன் முதல்ல கேக்கறதே நாட்டைத்தான். சிகார்னாலே க்யூபாதானே? சினிமாவுல வில்லன் பெருமையா நீட்டறது க்யூபன் சிகார்தான். அப்புறம் பக்கத்துத் தீவான டொமினிக்கன் ரிபப்ளிக் எப்படி உலகத்துல பிரீமியம் சிகார் அதிகம் செய்யற நாடுகள்ல ஒண்ணாச்சு?

இதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். 1492 நவம்பர். கொலம்பஸ் க்யூபா கரையில நிக்கறார், ஆசியாவுக்கு வந்துட்டோம்னு நம்பிக்கிட்டு. உள்நாட்டுல ராஜா இருப்பார், பார்த்துட்டு வாங்கன்னு ரெண்டு பேரை அனுப்பறார். லூயிஸ் தெ தொர்ரெஸ், ரோட்ரிகோ தெ ஹெரெஸ். தொர்ரெஸுக்கு ஹீப்ரு தெரியும், கொஞ்சம் அரபி தெரியும். சீனச் சக்ரவர்த்திகிட்ட பேச அது போதும்னு நினைச்சாங்க போல. அவங்க ராஜாவைப் பார்க்கல. வழியில ஆணும் பெண்ணும் கையில கொள்ளிக்கட்டை மாதிரி ஒண்ணை வெச்சுப் புகையை இழுத்துக்கிட்டுப் போறதைப் பார்த்துட்டு வந்தாங்க.

பக்கத்துத் தீவு இஸ்பானியோலா. இன்னைக்கு அதுல மேற்குப் பக்கம் ஹைட்டி, கிழக்குப் பக்கம் டொமினிக்கன் ரிபப்ளிக். அங்க இருந்தவங்க டைனோ மக்கள். ஒவியேதோங்கற ஸ்பானிய வரலாற்றாசிரியர் 1535ல வெளிவந்த புத்தகத்துல, இவங்க ஒய் வடிவக் குழாயை மூக்குல வெச்சுப் புகையை இழுத்தாங்க, அந்தக் குழாய்க்குத்தான் 'தபாகோ'ன்னு பேரு, செடிக்கு இல்லன்னு எழுதறார். அந்தக் குழாய் போயிடுச்சு, பேரு மட்டும் செடி மேல ஒட்டிக்கிச்சு. டைனோ சமூகமே சில பத்து வருஷத்துல நோயாலயும் அடிமை வேலையாலயும் அழிஞ்சுது. லாஸ் காஸாஸ்ங்கற பாதிரியார் இன்னொண்ணு பதிவு பண்ணியிருக்கார். அந்தத் தீவுலயே இருந்த ஸ்பானியர்கள் சிலர் இந்தப் பழக்கத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க, கண்டிச்சப்போ எங்களால விட முடியலன்னு சொன்னாங்களாம். நிகோடின்ங்கற வார்த்தை பிறக்கறதுக்கு முன்னாடியே நிகோடின் அடிமைத்தனத்தைப் பத்தின வாக்குமூலம், அதே தீவுல இருந்து.

அப்புறம் முன்னூறு வருஷத்தை வேகமா தாண்டிடலாம். டொமினிக்கன் நாட்டோட வடக்குல சிபாவோன்னு ஒரு பள்ளத்தாக்கு. யாக்கெ தெல் நோர்த்தே ஆறு ஓடற வளமான மண். அதுக்கு நடுவுல சான்டியாகோ நகரம். 19ஆம் நூற்றாண்டுல இங்க சின்னச் சின்ன விவசாயிங்க புகையிலை போட்டாங்க. பனை ஓலைப் பொதியில கட்டி, கோவேறு கழுதை மேல ஏத்தி, மலையைத் தாண்டி புவெர்தோ பிளாத்தா துறைமுகம். அங்க இருந்து கப்பல்ல ஹாம்பர்க், ப்ரெமன். வாங்கினது ஜெர்மன் வியாபாரிங்க. அன்னைக்கு டொமினிக்கன் இலைக்கு ஐரோப்பாவுல நல்ல பேர் இல்ல. மலிவான சரக்கு, சுருட்டு வயித்தை ரொப்பறதுக்கு. மார்க் போட்டிருந்தா பார்டர் பாஸ்தான்.

ஆனா அந்த மலிவு இலை ஒரு நாட்டைக் காப்பாத்தியிருக்கு. 1861ல டொமினிக்கன் நாடு மறுபடியும் ஸ்பெயின் கைக்குப் போச்சு. 1863ல கலகம். சான்டியாகோ நகரம் போர்ல எரிஞ்சு சாம்பலாச்சு. அந்தச் சாம்பல்ல உட்கார்ந்துதான் புரட்சி அரசு நடந்துச்சு, புகையிலை வித்த காசுலதான் பெரும்பகுதி சண்டை போட்டாங்க. 1865ல ஸ்பெயின் கிளம்பிப் போச்சு. அந்த அரசுல பொறுப்புல இருந்த பெத்ரோ ஃபிரான்சிஸ்கோ போனோ, பின்னாடி 1881ல எழுதின கட்டுரைகள்ல, இந்த நாட்டோட உண்மையான தேசத்தந்தை புகையிலைதான்னு வாதாடறார். காரணம் எளிமையானது. கரும்புக்குப் பெரிய நிலம், பெரிய ஆலை, பெரிய முதலாளி வேணும். புகையிலையை ஒரு குடும்பம் ஒரு துண்டு நிலத்துல போடலாம். பயிர் செய்யறவன், ஓலை முடையறவன், கழுதை ஓட்டறவன், சுருட்டறவ, எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் காசு போகும்.

எனக்கு போனோவைப் பிடிச்சிருக்கு. ஆனா அதே மண்ணோட இன்னொரு பக்கத்தையும் சொல்லாம போக முடியாது. 1930ல இருந்து 1961 வரைக்கும் ட்ருஹியோங்கற சர்வாதிகாரி. நாட்டுல லாபம் வர்ற எல்லாத்துலயும் கை வெச்ச மாதிரி புகையிலைத் தொழில்லயும் வெச்சார். 1937 அக்டோபர்ல, வடமேற்கு எல்லைப் பகுதியில இருந்த ஆயிரக்கணக்கான ஹைட்டிக்காரங்களை அவர் உத்தரவுல வெட்டிக் கொன்னாங்க. சிகார் விளம்பரத்துல வர்ற பச்சைப் பசேல் பள்ளத்தாக்குல இருந்து அந்த எல்லை தூரம் இல்ல.

இப்போ க்யூபா. 1959ல காஸ்ட்ரோ புரட்சி. 1960 செப்டம்பர்ல சிகார் தொழிற்சாலைகளை அரசு எடுத்துக்குது. முதலாளிக் குடும்பங்கள் வெளியேறுது. 1962 பிப்ரவரியில அமெரிக்க அதிபர் கென்னடி க்யூபப் பொருளுக்குத் தடை போடறார். இதுல ஒரு பிரபலமான கதை உண்டு. கென்னடியோட பிரஸ் செகரட்டரி பியர் சாலிஞ்சர், அதிபர் ஒரு சாயங்காலம் கூப்பிட்டு எனக்கு ஆயிரம் க்யூபன் சிகார் வேணும்னு கேட்டதாகவும், தான் 1,200 வாங்கிட்டு வந்ததாகவும், அதைக் கேட்டதும் அதிபர் மேஜையைத் திறந்து தடை உத்தரவுல கையெழுத்து போட்டதாகவும் சொல்லியிருக்கார். சொன்னது முப்பது வருஷம் கழிச்சு, 1992ல, அதே சிகார் அஃபிசியனாடோ பத்திரிகையில. பத்திரிகை விக்கறதுக்கு இதை விட நல்ல கதை கிடைக்காது.

முதலாளிங்க தொழிற்சாலையைக் கொண்டு போக முடியாது. நிலத்தையும் முடியாது. ஆனா புகையிலை விதை? ஒரு கிராம்ல பத்தாயிரம் விதை இருக்கும், அவ்வளவு பொடிசு. க்யூப விதை நிகராகுவா, ஹோண்டுராஸ், டொமினிக்கன் ரிபப்ளிக்னு பரவுச்சு. சிபாவோவுல இன்னைக்கும் ஒரு ரகத்துக்குப் பேரே 'பிலோத்தோ குபானோ'. உள்ளூர் பழைய ரகத்துக்கு 'ஒலோர் டொமினிக்கானோ'. ஒலோர்னா வாசனை. வந்த இலை, இருந்த இலை, ரெண்டையும் கலந்து சுத்தினதுதான் டொமினிக்கன் சிகாரோட அடிப்படை ருசி.

இங்க ஒரு சிக்கல். சிகார்ல மூணு அடுக்கு உண்டு. நடுவுல நிரப்பற இலை, அதைக் கட்டற இலை, மேல போர்த்தற இலை. இந்த மேல் இலைதான் கஷ்டம். ஓட்டை இருக்கக் கூடாது, புள்ளி இருக்கக் கூடாது, மெல்லிசா இருக்கணும், இழுத்தா கிழியாம வளைஞ்சு கொடுக்கணும். சிபாவோவுல நல்ல மேல் இலை விளையாதுங்கறது தொழில்ல எல்லாரும் நம்பின விஷயம். அதனால மேல் இலை கேமரூன்ல இருந்தோ, அமெரிக்காவோட கனெக்டிகட்ல இருந்தோ வரும். அப்போ கேலி எப்படி வந்துச்சுன்னா, நீங்க சிகார் செய்யல, வெளியூர் பாகத்தை வாங்கி அசெம்பிள் பண்றீங்க. நம்ம ஊர்ல ஃபோன் செய்யறோம்னு சொல்றப்ப சில பேர் சொல்வாங்களே, அதே வசனம்.

அந்தக் கேலியை மனசுல வாங்கிக்கிட்ட குடும்பம் ஃபுவென்தே குடும்பம். தாத்தா அர்துரோ ஃபுவென்தே, க்யூபாக்காரர், 1912ல ஃப்ளோரிடாவோட டாம்பாவுல தொடங்கின கம்பெனி. 1920கள்ல தொழிற்சாலை எரிஞ்சு போச்சு. இருபது வருஷத்துக்கும் மேல கழிச்சு, 1946ல, வீட்டுப் பின்கட்டுல மறுபடி ஆரம்பிச்சாங்க. மகன் கார்லோஸ் காலத்துல நிகராகுவா போனாங்க. 1970கள் கடைசியில அங்க புரட்சி, தொழிற்சாலை எரிஞ்சுது. ஹோண்டுராஸ் போனாங்க, அங்கயும் தீ. 1980ல விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோட சான்டியாகோவுக்கு வந்தாங்க. புகையிலைத் தொழில்ல இருக்கறவங்க நெருப்போட ஒரு கணக்கு வெச்சிருப்பாங்க போல. 2011லயும் சான்டியாகோவுல இவங்க கிடங்கு எரிஞ்சுது, வருஷக்கணக்கா பழுக்க வெச்ச இலையோட.

மூணாவது தலைமுறை கார்லோஸ் ஜூனியர், எல்லாரும் கார்லித்தோன்னு கூப்பிடுவாங்க. 1990கள் தொடக்கத்துல போனாவோ பக்கத்துல ஒரு பண்ணையில மேல் இலை போடறேன்னு கிளம்பினார். வெயில் நேரா படாம துணிப்பந்தல். காயப் போடறதுக்கு மரக் கொட்டகை, இலையைக் கோத்து உத்தரத்துல தொங்கவிட்டு, ஈரம் பார்த்து ஜன்னலைத் திறக்கறதும் மூடறதும். அதுக்கப்புறம் போர். நம்ம ஊர்ல ஈர வைக்கோலைக் கும்மி வெச்சா உள்ள கை வைக்க முடியாத சூடு வருமே, அதே தான். இலையை ஆள் உயரத்துக்கு அடுக்கினா தானா சூடேறும், புளிக்கும், அம்மோனியா கிளம்பும். சூடு ஒரு அளவைத் தாண்டினா போரைக் கலைச்சு, உள்ள இருந்ததை வெளிய, வெளிய இருந்ததை உள்ள வெச்சு மறுபடி அடுக்கணும். மாசக்கணக்கா. அவசரப்பட்டா அம்மோனியா உள்ளயே தங்கிடும், எரியறப்ப கண்ணைக் கரிக்கும்.

1995ல அந்த இலையைச் சுத்தின சிகார் கடைக்கு வந்துச்சு. ஃபுவென்தே ஃபுவென்தே ஓபஸ் எக்ஸ். உள்ள இருந்து மேல வரைக்கும் முழுக்க டொமினிக்கன். விளையாதுன்னு சொன்ன இலை விளைஞ்சுது. வாங்க க்யூ நின்னாங்க. மூணே வருஷத்துல, 1998 செப்டம்பர்ல, ஜார்ஜஸ் புயல் அந்தத் தீவைக் கிழிச்சது. நூத்துக்கணக்கான பேர் செத்தாங்க. இந்தப் பண்ணையோட கொட்டகைகளும் சாய்ஞ்சுது. மறுபடி கட்டினாங்க.

இன்னொரு நெருப்பு, இது வேணும்னே வெச்சது. ஸினோ டேவிடாஃப், சுவிட்சர்லாந்துக்காரர், அவர் பேர்ல க்யூபாவுல சிகார் செஞ்சாங்க. தரம் சரியில்லன்னு சண்டை. 1989ல அவர் தரப்பு ஒரு லட்சத்துக்கும் மேல க்யூபன் சிகாரை எரிச்சுது. அப்புறம் டேவிடாஃப் சிகார் செய்யப் போன இடம் எதுன்னு நினைக்கறீங்க? அதேதான், டொமினிக்கன் ரிபப்ளிக். க்யூபா தரத்துல ஃபெயில், சிபாவோ பாஸ்னு உலகத்துக்கு ஒரு சேதி.

அதுக்கு மூணு வருஷம் கழிச்சு மார்க் பத்திரிகை வருது. அமெரிக்காவுக்கு இறக்குமதியான பிரீமியம் சிகார் 1992ல சுமார் 10 கோடி. 1997ல 40 கோடிக்கு மேல. அஞ்சு வருஷத்துல நாலு மடங்கு. ஆனா இலை அஞ்சு வருஷத்துல நாலு மடங்கு பழுக்காது இல்லையா? பழுக்காத இலை, பழகாத கை, புதுப்புது பேர். 'டான்' போட்டு ஏதோ ஒரு ஸ்பானியப் பேரை ஒட்டி வித்தாங்க, கடைக்காரங்களே இதை 'டான் நோபடி'ன்னு கிண்டல் பண்ணினாங்க. டான் யாரோ. 1998ல சந்தை விழுந்துச்சு, டான் யாரோ எல்லாம் காணாம போனாங்க. பழைய கை வெச்சிருந்தவங்க நின்னாங்க.

இங்க மார்க்குக்கு நான் கொஞ்சம் நியாயம் செய்யணும். பழுக்காத சரக்கு குவியற சந்தையில லேபிளை மறைச்சுட்டு ஒருத்தர் நேர்மையா பார்த்துச் சொல்றது வாங்கறவனுக்கு உதவிதான். நெருப்பு ஒரு பக்கமா ஓடறது, அடைப்பு, அம்மோனியா, இதெல்லாம் நிஜமான குறை, கற்பனை இல்ல. என் சந்தேகம் 92க்கும் 93க்கும் நடுவுல இருக்கற அந்த ஒண்ணு மேலதான். டேஸ்டிங் வகுப்புகள்ல இன்னமும் நாக்கு வரைபடம் காட்டறாங்க, நுனியில இனிப்பு, ஓரத்துல புளிப்பு, பின்னாடி கசப்புன்னு. அந்த வரைபடம் தப்பு. 1901ல ஒரு ஜெர்மன் ஆய்வைப் பின்னாடி வந்தவங்க தப்பா புரிஞ்சுக்கிட்டு வரைஞ்சது. எல்லாச் சுவையும் நாக்கு முழுக்கத் தெரியும்.

நாக்குன்னு சொன்னதும் என் பெரியப்பா. ரெண்டாவது சிகாரை எடுத்துக்கிட்டு நான் உறையூருக்குப் போனேன்.

திருச்சி சுருட்டு ஒரு காலத்துல லண்டன் வரைக்கும் பேர் போனது. 1887ல வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலயே சாம்பலைப் பார்த்து திருச்சினாப்பள்ளி சுருட்டுன்னு துப்பு சொல்வார். ஆங்கிலத்துல 'செரூட்'ங்கற வார்த்தையே நம்ம 'சுருட்டு'தான். பெரியப்பா இருபத்தாறு வருஷம் சுருட்டு சுத்தினவர், அதே வேலையில அதையே பிடிச்சவர். அறுபத்தொண்ணுல வாய்ப் புற்றுநோய். நாக்குல ஒரு பகுதியை எடுத்துட்டாங்க. இப்போ அவர் பேசறது எங்களுக்குப் பழகினதால புரியும், புதுசா வர்றவங்களுக்குப் புரியாது. ருசி பெரும்பாலும் இல்ல. பெரியம்மா வெக்கற ரசத்தை சூடா இருக்கா ஆறிடுச்சான்னு மட்டும் சொல்வார்.

கொண்டு போகலாமா கூடாதான்னு பஸ்ல முழுக்க யோசிச்சேன். கையில கொடுத்ததும் அவர் முகத்துல வந்தது நான் பயந்த எதுவும் இல்ல. வேலைக்காரன் முகம். கண்ணாடியைப் போட்டுக்கிட்டார். நண்பன் மாடியில செஞ்ச அதே வேலையை, யாரும் சொல்லிக் கொடுக்காம செஞ்சார். வெளிச்சத்துல திருப்பினார், நுனியில இருந்து நுனி வரைக்கும் அமுக்கினார். மூடின முனையைப் பார்த்து, "இதை எதுக்குப்பா மூடியிருக்கான்?"னு கேட்டார். நம்ம சுருட்டு ரெண்டு பக்கமும் திறந்தது. வாங்கறவன் தானே வெட்டிக்குவான்னு சொன்னேன். "அவனுக்கு ஒரு வேலை குடுக்கறான்"ன்னார்.

அப்புறம் பெரியம்மாகிட்ட பிளேடு கேட்டார்.

மேல் இலையோட ஓரத்தைப் பிளேடு முனையால தூக்கி, ஒரே இழுப்புல, கிழியாம, ரிப்பன் மாதிரி சுத்திச் சுத்தி எடுத்தார். வெயில்ல பிடிச்சார். நரம்பு முடி மாதிரி இருந்துச்சு. "பந்தலுக்குள்ள வளர்த்த இலை"ன்னார். நான் துணிப்பந்தல் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லல. கட்டின இலையைப் பிரிச்சார். உள்ள துண்டு இலை இல்ல, முழு இலை, ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும், விசிறி மடிப்பா. ஒவ்வொண்ணா பிரிச்சு முழங்கால் மேல வெச்சார். நடுவுல இருந்தது தடிப்பா, கருப்பா, எண்ணெய்ப்பசையா இருந்துச்சு. சிகார்க்காரங்க அதை லிஹெரோன்னு சொல்வாங்க, செடியோட உச்சியில வெயில் குடிச்ச இலை. "இது மெதுவா எரியும். ஓரத்துல வெச்சா ஒரு பக்கம் அணைஞ்சு ஒரு பக்கம் ஓடும். அதான் நடுவுல வெச்சிருக்கான்." நண்பன் ஒரு புத்தகத்துல படிச்சுட்டு எனக்குச் சொன்னது இதே வரி.

கடைசியா மூக்குகிட்ட வெச்சார். நாக்கு போனாலும் மூக்கு இருக்கு. ரொம்ப நேரம் வெச்சிருந்தார். "நெடி இல்ல. நல்லா ஆறப் போட்டிருக்கான். ரெண்டு மூணு வருஷம் ஆயிருக்கும்."

அப்புறம் கேட்டார், "அங்க கூலி எண்ணிக்கைக்கா, நாளுக்கா?"

பல இடங்கள்ல எண்ணிக்கைக்குத்தான்னு சொன்னேன். ஒருத்தர் உள் இலையைக் கட்டுவார், பக்கத்துல ஒருத்தர், நிறைய இடத்துல ஒரு பொம்பளை, மேல் இலையைச் சுத்துவாங்கன்னு சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். மேல் இலை ஒட்டின முடிவிடத்தை விரலால தடவிக்கிட்டே இருந்தார், பசை வெச்ச தடமே தெரியல.

"எத்தனை மார்க் பெரியப்பா?"ன்னு கேட்டேன். நூத்துக்கு 93 போட்ட கதையைச் சொன்னேன். சிரிச்சார்.

"சுத்தினதுக்கு நூறு போடு. பிடிக்கறதுக்கு என்கிட்ட கேக்காத."

பிரிச்ச இலையை எல்லாம் ஒரு பேப்பர்ல மடிச்சுப் பெரியம்மா கையில கொடுத்தார். அவங்க அதைக் கம்பளிப் பெட்டிக்குள்ள போட்டாங்க. பூச்சி அண்டாதாம்.